பினாங்குக் கடற்கரையில் ஓர் ஆர்மீனியக் குடும்பம்

ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கோயில்களையும் தேடிச் செல்வர். விடுதிகளைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும், ஓர் ஊருக்கு யார் வந்தனர், யார் தங்கினர், யார் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதை ஒரு பழைய விடுதி சொல்வதுபோல் வேறெந்தக் கட்டடமும் சொல்வதில்லை.

ஜுருவில் வாழும் நமக்குப் பினாங்குத் தீவு கண்ணுக்கெட்டிய தொலைவில் உள்ள அயல்நிலம். வானம் தெளிந்த காலைகளில் கடலுக்கு அப்பால் கொடிமலை நீலமாகத் தெரியும். 1985-ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படுவதற்கு முன், பட்டர்வொர்த்துக்குச் சென்று படகேறினால்தான் அந்நிலத்தை மிதிக்கலாம். சிறுவனாக இருந்தபோது தைப்பூசத்திற்காக என் தந்தையார் என்னை அவ்வாறு அழைத்துச் சென்றார். இரதம் பார்த்த மறுநாள் காலை, திரும்பும் வழியில், ஃபார்குவார் தெருவில் ஒரு வெள்ளை மாளிகையின் முன் சற்றே நின்றோம். "இது யாருடைய அரண்மனை?" என்று கேட்டேன். "அரண்மனை அன்று, ஓட்டல்" என்றார் அவர். "யார் கட்டியது?" என்றதற்கு, "வெள்ளைக்காரன்" என்று சுருக்கமாக விடையளித்துவிட்டு நடையைக் கட்டினார்.

அவ்விடை முழுமையானதன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அதைக் கட்டியெழுப்பியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். தமக்கென ஒரு நாடில்லாமல் கீழ்த்திசை எங்கும் பரவி வாழ்ந்த ஆர்மீனியர்கள். அவர்களின் கதை நம் கதையோடு ஓரிடத்தில் உரசுகிறது. அவ்விடத்தைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரண்மனைக்காரன் தெருவிலிருந்து

ஆர்மீனியர் என்றால் நம்முள் பலருக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் தமிழ்நாட்டுக்கு அவர்கள் புதியவர் அல்லர். சென்னையின் ஜார்ஜ் டவுனில் 'அரண்மனைக்காரன் தெரு' என்றொரு தெரு உண்டு. அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. 'ஆர்மீனியக்காரன் தெரு' என்பதே மக்கள் நாவில் அவ்வாறு உருமாறியது. அத்தெருவில் அவர்களுடைய பழைய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டுவித்தவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகரே. அந்தப் பாலம் இருந்த இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் விளங்குகிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்ததும் சென்னையில்தான்.

இம்மக்கள் இத்துணைத் தொலைவு வந்தமைக்குக் காரணம் ஒரு பெயர்த்தெடுப்பு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், போர்க்களமாகிவிட்ட ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியரைக் குடியோடு பெயர்த்துத் தம் தலைநகரான இஸ்பகான் அருகே குடியேற்றினார். அக்குடியிருப்பு புதிய ஜுல்ஃபா எனப் பெயர் பெற்றது. பட்டு வணிகம் அவர்களை அங்கிருந்து சூரத்து, சென்னை, கல்கத்தா, இரங்கூன் எனக் கடல்வழியே இழுத்துச் சென்றது. பினாங்கிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் குடியேறித் தேவாலயம் எழுப்பினர். அத்தேவாலயம் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. ஆர்மீனியன் தெரு என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் கதைக்குரிய சார்க்கீஸ் குடும்பமும் புதிய ஜுல்ஃபாவைச் சேர்ந்ததே. மார்ட்டின், திக்ரான், அவியத், அர்ஷாக் என நான்கு உடன்பிறப்புகள். மூத்தவர் மார்ட்டின் முதலில் மலாயாவுக்கு வந்தார். 1861-இல் பிறந்த திக்ரான் அவரைத் தொடர்ந்தார். இளையவர் அர்ஷாக் 1868-இல் பிறந்தவர்.

இரு பெயர், ஒரே பொருள்

அவர்கள் வந்த காலம் நல்ல காலம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் நீராவிக் கப்பல்கள் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் முதற்பெருந் துறைமுகம் பினாங்கு. பிரான்சிஸ் லைட் 1786-இல் கொடியேற்றிய நாள் முதலே, இத்தீவு வணிகத் தளமாக மட்டுமன்றி உடல் தேறும் இடமாகவும் ஆங்கிலேயரால் கருதப்பட்டது. மலையின் குளிரும் கடலின் காற்றும் நாடி நோயுற்ற அலுவலர்கள் வந்து தங்கினர். ஆனால் வருவோர் பெருகிய அளவிற்கு நல்ல விடுதிகள் பெருகவில்லை.

அந்தக் குறையைக் கண்டவர்கள் சார்க்கீஸ் உடன்பிறப்புகள். 1884-இல், லைட் தெருவில் கடற்கரைத் திடலை நோக்கிய ஒரு கட்டடத்தில் 'ஈஸ்டர்ன்' என்னும் விடுதியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே, ஃபார்குவார் தெருவில் கடலைத் தொட்டாற்போல் அமைந்த இடத்தில் 'ஓரியண்டல்' என்னும் இரண்டாம் விடுதியைத் திறந்தனர். இரு சொற்களுக்கும் கீழ்த்திசை என்பதே பொருள். பின்னர் இரண்டும் ஒன்றாகியபோது இரு பெயர்களையும் விடாமல் இணைத்து 'ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல்' என்றனர். ஒரே பொருளை இருமுறை கூறும் அப்பெயர் உலகெங்கும் பரவியதற்கு, அதைத் தாங்கிய விடுதியின் சிறப்பன்றி வேறு காரணம் இல்லை.

பினாங்கில் கற்ற பாடத்தை அவர்கள் பிற துறைமுகங்களிலும் நடத்திக் காட்டினர். சிங்கப்பூர்க் கடற்கரைச் சாலையில், அல்சகோஃப் என்னும் அரபு வணிகருக்குச் சொந்தமான பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து, 1887-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பத்து அறைகளோடு ஒரு விடுதியைத் திறந்தனர். அதுவே இராஃபிள்ஸ் ஓட்டல். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் 1889-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது, இராஃபிள்சில் உண்ணுங்கள், ஆனால் உறங்குவதற்கு வேறு விடுதிக்குச் செல்லுங்கள் என்னும் பொருள்பட எழுதினார். சார்க்கீஸ் குடும்பத்தார் முதற்பாதியை மட்டும் எடுத்து விளம்பரம் செய்துவிட்டனர் என்பது இன்றளவும் சுவையோடு கூறப்படும் செய்தி. ஆயினும் அவர்கள் குறையை மறைப்பதோடு நிற்கவில்லை. 1899-இல் அங்கே புதிய பெருங்கட்டடம் எழுந்தது. மின்விளக்கும் மின்விசிறியும் வந்தன. 1901-இல் இரங்கூன் ஆற்றங்கரையில் அவியத் 'ஸ்ட்ராண்ட்' ஓட்டலைத் திறந்தார். பினாங்கில், மலையுச்சியில் இருந்த 'கிராக்' ஓட்டலும் இக்குடும்பத்தார் பொறுப்பில் நடந்தது. மலை இரயில் ஓடத் தொடங்கியது 1923-இல்தான். அதற்கு முன் விருந்தினர் நாற்காலியில் அமர, கூலிகள் அவர்களைத் தோளில் சுமந்து மலையேறினர்.

இத்தனைக்கும் இவ்வுடன்பிறப்புகள் பெருஞ்செல்வத்தோடு வந்தவர் அல்லர். அரசின் துணையும் அவர்களுக்கு இல்லை. ஆங்கிலேயரின் மன்றங்களில் முழு ஐரோப்பியராக மதிக்கப்படாமலும், ஊர் மக்களிடையே ஆசியராகக் கருதப்படாமலும் நடுவில் நின்ற சிறுபான்மையினர். அந்த நடுநிலையையே அவர்கள் தொழிலாக்கிக்கொண்டனர். ஊரைவிட்டு ஊர் வந்தவனுக்கு எது வேண்டும் என்பது, தானும் ஊரற்றவனாக இருப்பவனுக்கே நன்கு விளங்கும்போலும்.

ஒரு துறைமுகம், இரு வழிகள்

இனி, இக்கதை நம் கதையோடு உரசும் இடத்திற்கு வருவோம்.

அதே ஆண்டுகளில், அதே பினாங்குத் துறைமுகத்திற்கு, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துவந்தவர்கள் நம் முன்னோர். ஐரோப்பியக் கப்பலில் வந்த பயணி இறங்கியதும் வண்டியேறி ஃபார்குவார் தெருவுக்குச் செல்வான். நாகப்பட்டினக் கப்பலில் வந்தவனோ ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படுவான். அங்கே நோய் உண்டா என்று பார்க்கப்பட்டு, நாட்கள் கழித்துக் கங்காணியின் பின்னே நீரிணையைக் கடந்து, அக்காலத்தில் வெல்லெஸ்லி மாநிலம் என வழங்கிய நம் செபராங் பிறை நிலத்திற்கு வந்து சேர்வான். முதலில் கரும்புத் தோட்டம், பின்னர் இரப்பர்த் தோட்டம். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது.

பகல் முழுதும் அடுப்பில் நிற்பதும், விரிப்பை மாற்றுவதும், வாயிலைக் காப்பதும் ஒரு விடுதியின் மறைவான உழைப்பு. பினாங்கில் அவ்வுழைப்பு இனவாரியாகப் பிரிந்திருந்தது. ஐரோப்பியரின் சமையற்கட்டுகளில் ஹைனான் சீனர் பெயர் பெற்றிருந்தனர். வாயிற்காவலுக்குச் சீக்கியர். துணி வெளுக்கும் தொழில் பெரிதும் தமிழர் கையில் இருந்தது. ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் அமைந்த வண்ணாந்துறையில் நம் சலவைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கல்லில் துணி அடித்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், படகு செலுத்தியவரும், தெருவுக்குக் கல் பாவியவரும் நம்மவரே. கிங் தெருவைத் தமிழர் 'படகுக்காரத் தெரு' என்றும், மார்க்கெட் தெருவைக் 'கடைத்தெரு' என்றும் வழங்கினர். நகரத்தார் பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தினர். நீர்வீழ்ச்சிச் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். இத்தனை தமிழர் உழைத்த ஊரில், விடுதியின் விருந்தினர் ஏட்டில் எத்தனை தமிழ்ப்பெயர் ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

நம் மொழியில் 'விருந்து' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். அவனைப் பேணுவதற்கென்றே திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அப்பண்பாட்டில் வளர்ந்த மக்கள் கடல் கடந்து புதியவராக வந்து இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தது தடுப்பு முகாமும் கூலி வரிசை வீடும். இதற்காகச் சார்க்கீஸ் குடும்பத்தைக் குறை கூறுதல் நேர்மையாகாது. அந்த ஒழுங்கை அவர்கள் வகுக்கவில்லை; அதற்குள்ளே பிழைத்தனர். ஆயினும் பணம் பெற்றுப் பேணும் விருந்தோம்பல் யாரைப் பேணும், யாரைப் பேணாது என்பதை அக்காலம் தெளிவாகக் காட்டுகிறது.

அர்ஷாக்கின் காலம்

உடன்பிறப்புகளுள் பினாங்கோடு மிகவும் ஒன்றியவர் அர்ஷாக். மார்ட்டினும் திக்ரானும் 1912-இல் மறைந்தனர். அவியத் 1923-இல் காலமானார். எஞ்சிய இளையவர் கையில் குடும்பத்தின் தொழில் தங்கியது.

அர்ஷாக்கைப் பற்றிய கதைகள் பல. நிறைந்த மதுக்கோப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் நடனக்கூடத்தைச் சுற்றிவருவார் என்பர். கையில் காசின்றித் தவிக்கும் தோட்டத் துரைமாரிடம் தங்கிய செலவைக் கேட்காமல் விடுவார், சிலருக்கு ஊர் திரும்பக் கப்பற் கட்டணமும் தம் பையிலிருந்து கொடுப்பார் என்பர். பொருளீட்டுவதற்காக அன்று, நண்பர்களுக்கு விருந்தளிப்பதற்காகவே அவர் விடுதி நடத்தினார் என்று ஊரார் பேசிக்கொண்டனராம். கதைகளில் மிகை இருக்கலாம். ஆனால் கருமியைப் பற்றி இத்தகைய கதைகள் பிறப்பதில்லை.

அவர் காலத்தில் விடுதி விரிந்தது. 1923-இல் 'விக்டரி' என்னும் புதிய பகுதி எழுந்தது. கடலை ஒட்டி நீண்ட புல்வெளி, நடனக்கூடம், இசைக்குழு என வசதிகள் பெருகின. சூயசுக்குக் கிழக்கே முதன்மையானது என்று விளம்பரங்கள் முழங்கின. எழுத்தாளர் பலர் வந்து தங்கினர். சாமர்செட் மாம் தங்கினார். நோயல் கவர்டு தங்கினார். செருமானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே அவர்களுக்கு முன்னரே 1911-இல் வந்தார். இவர் மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட்டின் மகள்வழிப் பேரர் என்பது தென்னாட்டவர் நினைவிற்கொள்ளத்தக்கது.

இந்தச் செழிப்பு எங்கிருந்து வந்தது? இரப்பரிலிருந்தும் ஈயத்திலிருந்தும் வந்தது. தோட்டத் துரை மாத இறுதியில் நகரத்திற்கு வந்து செலவழித்த வெள்ளி, பால்மரத்தின் அடியில் விடியுமுன் நின்ற கைகளிலிருந்து பிறந்தது. 1920-களின் இறுதியில் நம் வட்டாரம் போன்ற பகுதிகளில் அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அவ்வகையில், ஜுருவின் மரங்களுக்கும் ஃபார்குவார் தெருவின் விளக்குகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு ஓடிக்கொண்டிருந்தது எனலாம்.

வீழ்ச்சி

அந்தக் கயிறு அறுந்தபோது இரு முனையும் ஒருங்கே விழுந்தன. 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. இரப்பர் விலை அடிமட்டத்திற்கு இறங்கியது. தோட்டத் துரைமார் வேலையிழந்தனர். விடுதிக் கணக்குகள் தீர்க்கப்படாமல் நின்றன. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கட்டடங்களைப் பெருக்குவதற்காக வாங்கிய கடன்கள் கழுத்தை நெரித்தன. 1931-ஆம் ஆண்டு சனவரியில் அர்ஷாக் காலமானார். அதே ஆண்டில் சார்க்கீஸ் சகோதரர்கள் நிறுவனம் நொடித்துப் போனது. அரை நூற்றாண்டு எட்டுவதற்குள் அக்குடும்பத்தின் கையிலிருந்து விடுதிகள் நழுவின. இராஃபிள்ஸ் 1933-இல் புதிய நிறுவனம் ஒன்றின் உடைமையாயிற்று.

கயிற்றின் மறுமுனையில், தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தது. கூலி வெட்டப்பட்டது. 1930 முதல் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் அரசுச் செலவில் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர். பத்தும் இருபதும் ஆண்டுகள் உழைத்தவர்கள் வந்தபடியே வெறுங்கையோடு கப்பலேறினர். அர்ஷாக்கின் மறைவை நாளிதழ்கள் எழுதின. திரும்பிச் சென்றவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே ஏட்டில் ஏறினர்.

பத்தாண்டு கழித்துப் போர் வந்தது. 1941 டிசம்பரில் சப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைத் தாக்கின. சில நாட்களுக்குள் ஆங்கிலேயர் ஐரோப்பியரை மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றிவிட்டுத் தீவைக் கைவிட்டனர். விடுதிகளின் விருந்தினர் அனைவரும் போயினர். பணியாளரும் ஊர் மக்களும் எஞ்சினர். அந்நாளில் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கி, ஊரில் ஒழுங்கு குலையாமல் காக்க முன்னின்றவர் சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர். முதல் 'ஈஸ்டர்ன்' விடுதி இருந்த லைட் தெருவும் கோட்டையும் அருகருகே உள்ளவை. ஊரை உடைமையாகக் கொண்டவர்கள் ஓடியபோது ஊரைத் தாங்கியவர்கள் யார் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

எஞ்சியது

விடுதி போரையும் கடந்தது. உடைமையாளர் பலர் மாறினர். 1970-களில் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் புதிய பெருவிடுதிகள் எழுந்தபோது பழைய மாளிகையின் ஒளி சற்று மங்கியது. 1996-இல் மூடப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டது. இன்று அவ்விடுதியில் உணவகம் ஒன்று சார்க்கீஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று அதன் வாயிலில் யாரும் நிறத்தைப் பார்ப்பதில்லை. பணம் உள்ள எவரும் தங்கலாம்.

ஆர்மீனியர் பினாங்கில் என்றுமே கைவிரல் விட்டு எண்ணத்தக்க குடும்பத்தினராகவே இருந்தனர். அவர்கள் போய்விட்டனர், தேவாலயமும் போய்விட்டது. எனினும் ஒரு தெருவிலும் ஒரு விடுதியிலும் அவர்கள் பெயர் வாழ்கிறது. சென்றவிடமெல்லாம் தம்மைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. கல்லறையில் எழுதினர்; கணக்கேட்டில் எழுதினர்; சென்னையில் அச்சுக்கூடமே வைத்தனர்.

நாமோ ஆயிரக்கணக்கில் இருந்தோம், இருக்கிறோம். ஆயினும் நம் ஜுருவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீட்டுமனைகளாகவும் கடைவீதிகளாகவும் மாறிக்கொண்டிருக்கையில், அங்கே வாழ்ந்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் கூட நம்மிடம் இல்லை. எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் வந்தனர், எந்த வரிசை வீட்டில் குடியிருந்தனர், யார் பள்ளியைத் தொடங்க முன்னின்றார், யார் கோயிலுக்குக் கல் சுமந்தார் என்பவை சில முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அம்முதியவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

விடுதிக்கு வந்து ஓரிரவு தங்கியவன் கூட ஏட்டில் கையெழுத்திட்டுச் சென்றான். ஆயுள் முழுதும் இம்மண்ணில் தங்கி உழைத்தவர்களுக்கு ஓர் ஏடு வேண்டாமா? அதைத் திறந்து வைக்க அரசையோ அறிஞரையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியாரிடம் ஒரு தாளோடும் எழுதுகோலோடும் சென்று அமர்ந்தால் போதும். முதற்கேள்வியாக, அவர் ஏறிவந்த கப்பலின் பெயரைக் கேட்கலாம். அவர் இங்கேயே பிறந்தவரெனில், அவருடைய தாயார் ஏறிவந்த கப்பலின் பெயரைக் கேட்கலாம்.